ஊட்டியில் ஒரு 'பேங்க்' கணக்கு!

'பேங்க் ஷாட் கற்றுக்கொள்ளப் போகிறேன்' என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள். 'முதல்ல அந்த வீட்டுக் கடன் பாக்கியைக் கட்டி முடிங்க' என்று பதில் வரும். அந்த பேங்க் வேறு, இந்த பேங்க் வேறு. இது ஆற்றங்கரை, குளக்கரை மாதிரி ஒரு கரை!

பில்லியர்ட்ஸ் மேஜை தோன்றிய காலத்தில் அதைச் சுற்றி ரப்பர் எல்லாம் கிடையாது. பந்து தரையில் விழுந்து ஓடாமலிருக்க, மரத்தில் ஒரு வரப்பு கட்டி வைத்திருந்தார்கள். பார்க்க ஆற்றின் கரை போல இருந்ததால் அதற்கு 'பேங்க்' என்று பெயர் வந்தது என்பார்கள். பந்தைக் கரையில் மோதவிட்டுத் திருப்பி எடுக்கிற அடிக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

நம்ம ஊர்ப் பையன்களுக்கு இது புது விஷயமா என்ன? தெருமுனையில் குண்டு பல்பைத் தாழத் தொங்கவிட்டு, பவுடர் பறக்க கேரம் ஆடுகிற எந்தக் கூட்டத்தையும் எட்டிப் பாருங்கள். நேரே போட முடியாத காயை எதிர்க் கட்டையில் மோதித் திருப்பிக் குழியில் தள்ளிவிட்டு, ஒன்றும் நடக்காதது போலக் காலரைத் தூக்கி விட்டுக்கொள்வான் ஒருத்தன். சென்னைக்காரரான மரிய இருதயம் இரண்டு முறை கேரம் உலக சாம்பியன். 1996ல் அர்ஜுனா விருது வாங்கியவர். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் அள்ளிய காசிமாவும் சென்னைப் பெண்தான், ஆட்டோ டிரைவரின் மகள். கட்டையில் மோதித் திருப்பும் வித்தை நம் ரத்தத்தில் இருக்கிறது.

ஆனால், கேரம் கட்டைக்கும் பில்லியர்ட்ஸ் ரப்பருக்கும் நடுவில் எவ்வளவு பெரிய தூரம் இருக்கிறது என்பதை, ஊட்டியில் குரங்குக் குல்லா போட்ட ஒரு பெரியவர் மூன்றே நாளில் எனக்குக் காட்டினார்.

குன்னூரில் மச்சினர் மகள் கல்யாணம். தை முகூர்த்தம். அதை ஒரு சாக்காக வைத்து மூன்று நாள் முன்னதாகவே ஊட்டியில் முகாம் போட்டோம். 2024 மே மாதம் இ-பாஸ் முறை வந்த பிறகு, மலை ஏறுவதற்கு முன் செல்போனில் விண்ணப்பம் போட வேண்டியதாயிற்று. வெள்ளைக்காரன் காலத்தில் குதிரைக்கும் பல்லக்குக்கும் கூட இப்படிப் பதிவு செய்தார்களோ என்னவோ!

ஊட்டிக்குப் போகிறவர்கள் என்ன செய்வார்கள்? ஏரியில் படகு. தாவரவியல் பூங்காவில் போட்டோ. தொட்டபெட்டாவில் மூடுபனியைப் பார்த்துவிட்டு, 'ஒண்ணுமே தெரியலையே' என்று திரும்புவது. கடைசியில் அரைக் கிலோ வர்க்கி, ஒரு கிலோ டீத்தூள், நீலகிரித் தைலம். இந்தப் பட்டியலில் இல்லாத ஒரு சங்கதி இந்த ஊரில் இருக்கிறது. உலகம் பூராவும் டி.வி.யில் பார்க்கிற ஸ்நூக்கர் ஆட்டத்துக்குச் சட்டம் எழுதப்பட்டது இங்கேதான்.

பிறந்த ஊர் ஜபல்பூர். ஜாதகம் எழுதிய ஊர் ஊட்டி!

கதை இதுதான். 1875ம் வருஷம். ஜபல்பூர் ராணுவ முகாமில் மழைக்காலம். வெளியே போக வழியில்லாமல் அதிகாரிகள் பில்லியர்ட்ஸ் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் நெவில் சேம்பர்லின். டெவன்ஷயர் ரெஜிமென்ட்டின் இளம் அதிகாரி, வயசு இருபதைத் தாண்டவில்லை. ஏற்கெனவே இருந்த ஆட்டத்தில் இன்னும் சில கலர் பந்துகளைச் சேர்த்தால் என்ன என்று தோன்றியது. சேர்த்தார். அந்தச் சமயத்தில் விருந்தாளியாக வந்த ஒருவர், இங்கிலாந்தின் வூல்விச் ராணுவ அகாடமியில் முதல் வருஷ மாணவர்களை 'ஸ்நூக்கர்' என்று கேலியாகக் கூப்பிடுவார்கள் என்று சொல்லியிருக்கிறார். நம் காலேஜில் ராகிங் சமயத்தில் கூப்பிடுவோமே, அந்த ரகம். கொஞ்ச நேரத்தில் யாரோ ஒருவர் சுலபமான பந்தைக் கோட்டைவிட, 'நீ சரியான ஸ்நூக்கர்!' என்றாராம் சேம்பர்லின். சொன்ன பிறகு அவர் மனசு கஷ்டப்படக் கூடாதே என்று, 'இந்த ஆட்டத்தில் நாம் எல்லாருமே ஸ்நூக்கர்தான்' என்று சமாதானமும் செய்தாராம். வசவாகப் பிறந்த வார்த்தை ஆட்டத்தின் பெயராக நிலைத்துவிட்டது.

சேம்பர்லின் பிறகு ஆப்கன் யுத்தத்துக்குப் போய்க் காயம்பட்டார். அப்புறம் மதராஸ் ராணுவத்தின் தலைமைத் தளபதி ஜெனரல் ராபர்ட்ஸிடம் வேலை. தளபதி கோடைக்கு ஊட்டி வருவார், பரிவாரமும் கூடவே வரும். இங்கே கிளப்பில் இந்த ஆட்டம் ஏகப் பிரபலமாகி, 1882ல் விதிகளை ஒழுங்காக எழுதி பில்லியர்ட்ஸ் அறைச் சுவரில் மாட்டினார்கள். அப்போது 15 சிவப்புப் பந்துகளோடு மஞ்சள், பச்சை, பிங்க், கறுப்பு மட்டும்தான். நீலமும் பிரவுனும் பிற்பாடு வந்து சேர்ந்த மாப்பிள்ளைகள்.

இவர் பிரிட்டிஷ் பிரதமராக இருந்த சேம்பர்லின் இல்லை. அதே பெயர், வேறு ஆள். வேடிக்கை என்னவென்றால், ஹிட்லரிடம் போய் சமாதானக் காகிதம் வாங்கி வந்து பிரதமர் பெயர் அடிபட்ட அதே 1938ல்தான், நம்ம ஆள் 'ஸ்நூக்கரைக் கண்டுபிடித்தது நான்தான்' என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதி உரிமை கோரினார். பிரதமரின் காகிதம் ஒரு வருஷம் கூடத் தாங்கவில்லை. இவர் ஆட்டம் இன்றும் நடக்கிறது.

அந்தக் கிளப்பை வெளியிலிருந்து பார்த்தேன். செயின்ட் ஸ்டீபன்ஸ் சர்ச்சிலிருந்து அதிக தூரமில்லை. 1830களில் ரம்போல்டு என்கிற துரை கட்டிய மாளிகை அது. 1840களில் கிளப் ஆயிற்று. வெள்ளை வெளேரென்று தூண்கள். உறுப்பினர்களும் அவர்களின் விருந்தாளிகளும் உள்ளே போகலாம். நான் இரண்டிலும் சேர்த்தியில்லை. அதனால் ரோட்டோரம் நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு பஜார் பக்கம் இறங்கினேன்.

நேர் வழி இல்லையென்றால் சுற்றி வர வேண்டியதுதானே? ஸ்நூக்கரே அதைத்தான் சொல்கிறது! ஆட்டத்தின் உயிர்நாடியே அதுதான். நீங்கள் அடிக்க வேண்டிய பந்துக்கும் உங்கள் வெள்ளைப் பந்துக்கும் நடுவில் வேறொரு பந்து மறித்துக்கொண்டு நிற்கும். எதிராளி வேண்டுமென்றே அப்படி வைத்துவிட்டுப் போவார். அதுக்குப் பெயர்தான் 'ஸ்நூக்கர் ஆகிவிட்டது'. 'வழி இல்லை' என்று கையை விரிக்க முடியாது. எந்தப் பந்தை முதலில் தொட வேண்டுமோ அதைத் தொட்டே ஆக வேண்டும். தொடவில்லையென்றால் எதிராளிக்குக் குறைந்தது 4 பாயின்ட், மேலே போனால் 7. அப்போது கை கொடுப்பது குஷன் ஒன்றுதான். வெள்ளைப் பந்தைக் கரையில் மோதவிட்டு, சுற்றிக்கொண்டு போய்த் தொட வேண்டும். இது ஒரு வகை. இன்னொன்று, குழியில் விழ வேண்டிய பந்தையே எதிர்க் குஷனில் மோதித் திருப்பிப் போடுவது. அமெரிக்காக்காரர்கள் இதைத்தான் பேங்க் என்கிறார்கள். ஸ்நூக்கர்காரர்கள் 'டபுள்' என்பார்கள்.

கமர்ஷியல் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. கீழே கம்பளிக் கடை. பக்கத்தில் குறுகலான மரப்படி. மேலே ஒரே ஒரு ஹால், நடுவில் ஒரே ஒரு மேஜை. பன்னிரண்டடி நீளம், ஆறடி அகலம். பச்சைத் துணி அங்கங்கே வெளுத்து, இரண்டு இடத்தில் தையல். ஓரமாக ஒரு ஸ்டூலில் ஸ்வெட்டர், மப்ளர், குரங்குக் குல்லா சகிதமாக ஒரு பெரியவர். எழுபது வயசுக்கு மேலே இருக்கும்.

"வாங்க சார். ஆடறீங்களா, பார்க்கறீங்களா?"

"பேங்க் ஷாட் கத்துக்கணும். மூணு நாள்தான் இருக்கேன்."

அவர் சிரிக்கவில்லை. "மூணு நாள் தாராளமுங்க. எனக்கு மூணு வருஷம் ஆச்சு. ஆனா எனக்குச் சொல்லித்தர ஆளில்லீங்க" என்றார்.

க்யூ குச்சியை எடுக்கக் கை நீட்டினேன். "அது அப்புறமுங்க" என்று தடுத்துவிட்டு, என் கையில் ஒரு சிவப்புப் பந்தை வைத்தார். "மொதல்ல கையால உருட்டுங்க."

எல்.கே.ஜி. பிள்ளை மாதிரி உருட்டினேன். அவர் உள்ளே போய், சலூன் கடையில் தொங்குமே அந்த மாதிரி ஒரு கண்ணாடியைக் கொண்டுவந்தார். எதிர்க் குஷனை ஒட்டி செங்குத்தாகப் பிடித்தார்.

"உள்ள என்ன தெரியுது?"

"டேபிள்... நான்... என் பக்கத்து நடு பாக்கெட்."

"அந்தக் கண்ணாடிக்குள்ள தெரியற பாக்கெட்டைப் பார்த்து உருட்டுங்க. கண்ணாடி இல்லேன்னு நெனச்சுக்குங்க."

கண்ணாடியை எடுத்துவிட்டு, அது நின்ற இடத்தில் விரலை வைத்தார். உருட்டினேன். பந்து எதிர்க் குஷனில் மோதித் திரும்பி, ஏதோ கயிறு கட்டி இழுத்த மாதிரி என் பக்கத்துக் குழிக்கு வந்தது. விழவில்லை, உதட்டில் முட்டி நின்றது. ஆனாலும் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது (குளிர் ஒரு காரணமாக இருக்கலாம்).

பள்ளிக்கூடத்தில் படித்த சமாசாரம்தான். வந்த கோணமும் திரும்பும் கோணமும் சமம். கண்ணாடியில் வெளிச்சம் திரும்புவது போலப் பந்தும் திரும்புகிறது. கணக்காகச் சொன்னால் இப்படி: பந்து இந்தப் பக்கக் குஷனை ஒட்டி இருக்கிறது. அதே பக்கத்து நடுக்குழி இரண்டடி தள்ளி. அப்படியானால் எதிர்க் குஷனில் பாதி தூரத்தில், அதாவது ஒரு அடியில், அடித்தால் போதும். பந்து மேஜையின் நடுவில் இருந்தால் பாதி கிடையாது. எதிர்க் குஷனுக்குப் பந்து மூணடி, குழி ஆறடி என்றால், ஒண்ணுக்கு இரண்டு என்ற விகிதத்தில் பிரித்து, பந்தின் பக்கமாக மூன்றில் ஒரு பங்கு தள்ளி அடிக்க வேண்டும். பத்தாவது கணக்கில் விகிதம் படிக்கும்போது, 'இது எதுக்கு உபயோகப்படும்?' என்று வாத்தியாரைக் கேட்பானே கடைசி பெஞ்ச் பையன், அவனுக்கு இதோ பதில்!

இன்னொரு நுணுக்கமும் சொன்னார். பந்து ஒரு புள்ளி இல்லை. அதற்கு உடம்பு இருக்கிறது. ஸ்நூக்கர் பந்தின் குறுக்களவு 52.5 மில்லிமீட்டர். அதனால் பந்தின் நடுப்பாகம் குஷன் விளிம்புக்கு வரவே வராது. பாதிப் பந்து முன்னாலேயே திரும்பிவிடும். கோணத்தை விளிம்பிலிருந்து அளக்காமல், அந்தப் பாதிப் பந்து தள்ளி அளக்க வேண்டும்.

"அவ்வளவுதானா பேங்க் ஷாட்?" என்றேன்.

"கண்ணாடி பொய் சொல்லாதுங்க. ரப்பர் சொல்லும். நாளைக்கு வாங்க."

இரண்டாம் நாள் காலை. காந்தல், தலைகுந்தா பக்கமெல்லாம் உறைபனி விழுந்து புல் தரை உப்புத் தூவின மாதிரி இருந்தது. மனைவியைப் பூங்காவில் விட்டுவிட்டு (கூட மச்சினர் குடும்பமும் இருந்தது, தனியே விடவில்லை) சந்துக்குள் நுழைந்தேன்.

அன்றைக்குக் குச்சி கிடைத்தது. நேற்று கையால் உருட்டிய அதே கோணம், அதே இடம். மெதுவாக அடித்தேன். பந்து குழிக்கு அந்தப் பக்கம் தாண்டிப் போனது. பலமாக அடித்தேன். குழிக்கு இந்தப் பக்கமே முட்டியது. அதே கோணம்தான், ஆனால் மூன்று வேகத்துக்கு மூன்று விலாசம்!

பெரியவர் விளக்கினார். மெதுவாகப் போகிற பந்து உருண்டுகொண்டே போகிறது. குஷனில் மோதித் திரும்பிய பிறகும் அந்த உருளல் மிச்சம் இருக்கும். அது பந்தைக் குஷன் பக்கமாகவே இழுக்கப் பார்க்கும். அதனால் பாதை வளைந்து நீண்டுபோகும். பலமாக அடித்தால் பந்து உருளாமல் வழுக்கிக்கொண்டு போய் ரப்பரை அமுக்குகிறது. ரப்பர் அதை நேராக வெளியே துப்பிவிடும், கோணம் குறுகிவிடும். இது போதாதென்று, வெள்ளைப் பந்தின் வலது பக்கமோ இடது பக்கமோ குத்தினால் அது பம்பரமாகச் சுற்றும். சுற்றுகிற திசையைப் பொறுத்துக் குஷனில் பட்டதும் கோணம் விரியும், அல்லது சுருங்கும். ஒரு பந்தை ஓரமாக உரசி அடித்தால், உரசலிலேயே அந்தப் பந்துக்கும் கொஞ்சம் சுழற்சி தொற்றிக்கொள்ளும். சளி மாதிரி!

"அப்ப எதைத்தான் நம்பறது?"

"வேகத்தை நம்புங்க. எப்பவும் ஒரே வேகத்துல அடிக்கப் பழகுங்க. அந்த வேகத்துக்குக் கோணம் எவ்வளவு மாறுதுன்னு மட்டும் மனப்பாடம் பண்ணிக்குங்க. பத்து வேகம் வெச்சிருக்கறவன் பத்து டேபிள் கத்துக்கணுமுங்க."

இதை நான் ஆபீஸ் மேஜையில் எழுதி ஒட்டிவைக்கலாம் என்றிருக்கிறேன்.

நடுவில் ஒரு சிறுவன் டீ கொண்டுவந்தான். பெரியவர் தம்ளரை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு மேஜையைச் சுற்றிக் காட்டினார். இந்த ஜன்னல் பக்கக் குஷனுக்குக் காலையில் உசிர் இருக்காது, வெயில் பட்டதும் பதினோரு மணிக்கு மேல்தான் விழிக்கும். அந்த மூலையில் ரப்பர் செத்துவிட்டது, பந்து 'டொக்' என்று விழுந்து எழுந்திருக்கும். நல்ல ரப்பர் 'தப்' என்று சொல்லும். ஒரு கண்ணில் புரை ஆபரேஷன் ஆகியிருக்கிறது, இன்னொன்று பாக்கி. ஆனாலும் நான் முதுகைத் திருப்பிக்கொண்டு அடித்த அடிக்கெல்லாம், 'இது குறுகலா வந்திருக்குமே' என்று சத்தத்தை வைத்தே சொன்னார்.

குளிருக்கும் குஷனுக்கும் பழைய பகை உண்டு. 1830களில் லண்டனில் ஜான் தர்ஸ்டன் என்கிற மேஜைக் கம்பெனிக்காரர் முதன்முதலாக ரப்பரை வைத்துக் குஷன் செய்தார். வெயில் காலத்தில் பிரமாதம். குளிர் வந்தால் ரப்பர் கட்டையாகிவிடும். ஆட்டத்துக்கு முன்னால் வெந்நீர் நிரப்பிய தகரப் பாத்திரங்களைக் குஷன் மேல் வைத்து ஒத்தடம் கொடுப்பார்களாம், மூட்டுவலிக்குக் கொடுப்பது போல! 1840களில் கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பர் வந்த பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது. இன்றைக்கும் பெரிய போட்டிகளில் மேஜைக்கு அடியிலிருந்து சூடேற்றுகிறார்கள். ஈரம் ஏறினால் துணி பந்தைப் பிடித்துக்கொள்ளும், கோணம் மாறும். வருஷத்தில் பாதி நாள் மூடுபனியில் குளிக்கிற ஊரில் உட்கார்ந்து விதி எழுதியவர்கள், காலை ஆட்டத்துக்கு ஒரு கணக்கு, மத்தியான ஆட்டத்துக்கு ஒரு கணக்கு என்று எழுதவில்லை. அந்தக் கணக்கு எழுதப்படாமல் வேறு சிலர் தலைக்குள் இருந்தது.

மார்க்கர்கள் தலைக்குள்!

மார்க்கர் என்றால் கிளப்பில் ஸ்கோர் சொல்கிறவர். அது பெயருக்கு. துணியைப் பிரஷ் போட்டு இஸ்திரி தேய்ப்பது, குச்சி நுனிக்குத் தோல் ஒட்டுவது, பந்து பொறுக்கி வைப்பது, புது உறுப்பினருக்குச் சொல்லிக்கொடுப்பது எல்லாம் அவர் வேலை. நம்ம பெரியவர் பதினாலு வயசில் மலையில் ஒரு எஸ்டேட் கிளப்பில் (எது என்பது வேண்டாம்) பந்து பொறுக்கச் சேர்ந்தவர். முப்பத்தொரு வருஷம் ஸ்கோர் சொன்னார்.

"அப்ப நீங்க ஆடினதே இல்லையா?"

"மெம்பருங்க குச்சியைத் தொடக்கூடாதுங்க. எடுத்துக் குடுக்கலாம், வாங்கி வெக்கலாம். அடிக்கக் கூடாது." டீயை உறிஞ்சினார். "காத்தால துணி தட்டறப்போ யாரும் இருக்க மாட்டாங்க. பந்தைக் கையால உருட்டி உருட்டிப் பார்ப்பேன். குச்சியைத் தொடாதேன்னுதான் சொன்னாங்க. கையைத் தொடாதேன்னு சொல்லலீங்களே!"

முதல் நாள் என்னை ஏன் கையால் உருட்டச் சொன்னார் என்பது அப்போதுதான் புரிந்தது. அவர் கற்றுக்கொண்ட ஒரே வழி அது. கையால் உருட்டிய கணக்கும், அதிகாரிகள் குச்சியால் அடித்ததும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று யோசித்து யோசித்தே, உருளல், வழுக்கல் வித்தியாசத்தைத் தானாகக் கண்டுபிடித்திருக்கிறார். பௌதிகப் புத்தகம் பக்கம் போகாமல்!

அப்புறம் அந்த எஸ்டேட் கிளப்பை மூடினார்கள். சாமான்களை ஏலம் விட்டார்கள். பீரோ, சோபா, பீங்கான் தட்டு எல்லாவற்றுக்கும் ஆள் இருந்தது. மேஜைக்கு ஆளில்லை. ஸ்நூக்கர் மேஜை என்பது பலகை இல்லை. பச்சைத் துணிக்கு அடியில் ஐந்து பெரிய ஸ்லேட் கல் பாளங்கள், மொத்தத்தில் ஒரு டன்னுக்கு மேல். யார் தூக்குவது? பிராவிடண்ட் ஃபண்டு பணத்தை எடுத்து இவர் ஏலம் கேட்டார்.

"முப்பத்தொரு வருஷம் சுத்திச் சுத்தி வந்த டேபிளுங்க. ஒரே கேள்வியில முடிஞ்சுது."

லாரியில் ஏற்றி, ஒவ்வொரு பாளத்துக்கும் எட்டு ஆள் வைத்து அந்தக் குறுகல் படியில் ஏற்றியிருக்கிறார். அதற்கப்புறம் டாக்சி டிரைவர்கள், கடைப் பையன்கள், ஹாஸ்டல் மாணவர்கள் எல்லாரும் இங்கேதான் ஆட வந்தார்கள். மணிக்கு இவ்வளவு என்று வாடகை. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாதி. 1958ல் கல்கத்தாவில் வில்சன் ஜோன்ஸ் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டம் வாங்கியது முதல், பெங்களூரின் பங்கஜ் அத்வானி 2024 நவம்பரில் 28வது உலகப் பட்டம் வாங்கியது வரை, வந்தவர்களுக்கெல்லாம் கதையும் இலவசம்.

"இந்த மாசக் கடைசியோட சரிங்க" என்றார் திடீரென்று. கட்டடக்காரர் மாடியில் டூரிஸ்டுகளுக்கு ரூம் போடப் போகிறார். அவர் மேல் தப்பில்லை; சீசனில் ஒரு ரூம் இரண்டு நாளில் சம்பாதிப்பதை இந்த மேஜை ஒரு மாசத்தில்கூடச் சம்பாதிப்பதில்லை. கோயமுத்தூரில் ஒரு காலேஜ் ஹாஸ்டலுக்கு மேஜை விலை பேசியாகிவிட்டது. துணியும் ரப்பரும் புதுசாக மாற்றப் போகிறார்கள்.

"கூட மார்க்கரும் வேணுமான்னு கேட்டேனுங்க. ஸ்கோருக்கு மிஷின் வந்திருச்சாம்."

சொல்லிவிட்டு, பந்தை எடுத்து அதன் இடத்தில் வைத்தார். "அடிங்க சார். நேரமாகுது."

மூன்றாம் நாள் மனைவியும் கூட வந்தாள். 'அப்படி என்னதான் இருக்கு அந்தச் சந்துக்குள்ளே?' என்கிற நியாயமான சந்தேகம். மாடி ஏறியதும் மப்ளரை இறுக்கிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தாள். நான் என் இரண்டு நாள் வித்தையைக் காட்டினேன். பத்துக்கு மூன்று விழுந்தது. பெரியவர், "பரவால்லீங்க, முதல் வருஷத்துல எனக்கும் அவ்வளவுதான்" என்றார்.

"நான் ஒண்ணு அடிக்கட்டுமா?" என்றாள்.

குச்சி பிடிக்கக் கற்றுக்கொடுக்கவே கால் மணி ஆயிற்று. பெரியவர் கண்ணாடியை எடுக்கப் போனார். அவள், "வேணாங்க" என்றாள். மேஜை மட்டத்துக்குக் குனிந்தாள். ஒரு கண்ணை மூடினாள். சுருக்கென்று ஒரே குத்து. சிவப்புப் பந்து எதிர்க் குஷனில் போய் 'தப்' என்று சொல்லிவிட்டு, திரும்பி வந்து நடுக்குழிக்குள் விழுந்தது. உதட்டில்கூடப் படவில்லை.

ஹாலில் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை.

"அம்மா கேரம் ஆடியிருக்கீங்களா?" என்றார் பெரியவர்.

"ராயபுரத்துல எங்க வீட்டு மொட்டை மாடியில. அண்ணனுங்களை எல்லாம் நான்தான் ஜெயிப்பேன். வயசுக்கு வந்ததும் நிறுத்திட்டாங்க."

கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் எனக்குத் தெரியாத தகவல் அது.

பெரியவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "கேரம் காய் உருளாதுங்க, வழுக்கும். அதான் அம்மா அடிச்ச அடியில பந்தும் வழுக்கிட்டே போச்சு. வழுக்கற பந்துதானுங்க கண்ணாடி சொன்னபடி கேக்கும்!" என்று என்னிடம் திரும்பிச் சொன்னவர், அவளுக்கு இன்னும் ஐந்து பந்தை வரிசையாக வைத்தார். பிறகு செத்த ரப்பர் இருக்கிற மூலையைக் காட்டி, அங்கே எப்படி அடிக்க வேண்டும் என்று தனியாக ஒரு பாடம். ரப்பர் செத்த மூலையில் கால் அடி கூட்டிப் போட வேண்டுமாம். அடுத்த வாரம் அந்த ரப்பரே இருக்காது. அதைத் தெரிந்துவைத்துக்கொண்டு எங்கே உபயோகிப்பது? அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இரண்டு பேரும் மும்முரமாக ஆடிக்கொண்டிருந்தார்கள். குன்னூரிலிருந்து, 'மாப்பிள்ளை அழைப்புக்கு நேரமாச்சு' என்று நாலு தடவை போன் வந்தது. நாலு தடவையும் நான்தான் பதில் சொன்னேன்.

புறப்படும்போது வாடகையை நீட்டினேன். என்னுடையதை எண்ணி வாங்கிக்கொண்டார். "அம்மாவுக்கு வேண்டாமுங்க. பள்ளிப் பிள்ளை கணக்குல வெச்சுக்கறேன்" என்றார்.

படியில் பாதி இறங்கிய பிறகு, குடையை மறந்துவிட்டேன் என்று மனைவி திரும்பி ஏறினாள். கூடவே போய் எட்டிப் பார்த்தேன். பெரியவர் ஸ்வெட்டர் கையை மடித்துவிட்டுக்கொண்டு, மேஜையின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை, துணியின் ரோமம் படிந்திருக்கிற திசையில், நீளமாகப் பிரஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

"விலை பேசி முடிச்ச டேபிளுக்கு எதுக்குங்க இவ்வளவு பாடு?" என்றாள் அவள்.

"சாயங்காலம் டாக்சி ஸ்டாண்டு பசங்க வருவாங்கம்மா" என்றார், பிரஷை நிறுத்தாமலே.